ஐந்தாம் அறைக்கு இருபது வயது

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு மெயில் அக்காவின் கணினித் திரையில் ஒரு சிவப்புக் கோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

‘ஐந்தாம் அறை. குடியிருப்பவருக்கு இன்று இருபது வயது நிறைகிறது. வெளியேற்றத் திட்டம் இன்னும் பதிவாகவில்லை.’

மெயில் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தாள். கண்ணாடியைத் துடைத்தால் கணினி மனசு மாறிவிடுமா என்ன? கோடு அப்படியே இருந்தது. இதில் சங்கடம் என்னவென்றால், ஐந்தாம் அறையில் யாருமே குடியில்லை; அது பழகுவதற்கான வெறும் மாதிரிப் பதிவு.

“என்னங்க, மாதிரிக்கு வயசாகுமா?” என்று கேட்டாள்.

மேசையின் மறுமுனையில் கணவர் ஒரு பல்செட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். வீட்டில் இருப்பது ஒரே மேசை என்பதால், அவருடைய பிளாஸ்டர் தாடைகள் ஏழெட்டு எந்நேரமும் மெயில் அக்காவைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொஞ்சம் உதறலாகத்தான் இருந்தது. இப்போது பழகிவிட்டது.

“எனக்கே வயசாகுது, மாதிரிக்கு ஆகக் கூடாதா?” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

மெயில் அக்கா வேலை பார்ப்பது ஒரு வீட்டுக்கு. வீட்டில் அல்ல, வீட்டுக்கு. பெற்றவர்களோ உறவுக்காரர்களோ வைத்துக்கொள்ள முடியாத பெண்பிள்ளைகள், பதினாறு வயதிலிருந்து இருபது வரை, ஆளுக்கு ஓர் அறையில் தங்கி, சமைக்கவும், தனியாக ஆஸ்பத்திரி போய்வரவும், விண்ணப்பம் நிரப்பவும், மொத்தத்தில் யார் தயவும் இல்லாமல் வாழவும் பழகுகிற வீடு அது. துணைக்கு எந்நேரமும் டியூட்டியில் ஒருவர் இருப்பார். அந்த டியூட்டி அட்டவணை போடுவது, அன்றாடக் குறிப்புகள் வந்தனவா என்று பார்ப்பது, டாக்டரிடம் நேரம் வாங்குவது, குழாய் ஒழுகினால் குழாய்க்காரரைப் பிடிப்பது எல்லாம் மெயில் அக்காவின் பொறுப்பு. அத்தனையும் தன் வீட்டு மேசையிலிருந்தே. அந்த வீடு ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருந்தது. அவள் அதன் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. மெயிலில் மட்டுமே வருகிறவள் என்பதால் அங்கிருந்த பிள்ளைகள் வைத்த பெயர்தான் மெயில் அக்கா.

அங்கே இருப்பது நான்கு பெண்கள், நான்கு அறைகள். ஐந்தாவது என்பது கணினியில் மட்டும் உண்டு. சேர்ந்த முதல் நாளே மேலாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

“அஞ்சாம் ரூம் சும்மா மேடம். பழகுறதுக்காகப் போட்டு வச்சிருக்கற மாதிரி. எதை அழுத்தினா என்ன ஆகும்னு அதுல அழுத்திப் பாத்துக்குங்க. நிஜப் பிள்ளைங்க ஃபைல்ல கை வச்சிடாதீங்க.”

மெயில் அக்காவும் நன்றாக அழுத்திப் பார்த்திருந்தாள். ஐந்தாம் அறைக்கு மூன்று தடவை காய்ச்சல் வரவழைத்து, இரண்டு தடவை குணப்படுத்தியிருந்தாள். மூன்றாவது காய்ச்சல் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

இப்போது இந்தச் சிவப்புக் கோடு. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வருகிறார்கள். ஆய்வாளர் முதலில் திறந்து பார்க்கும் பக்கமே இதுதான். ஆய்வு நல்லபடி முடிந்தால் அன்று சாயங்காலமே மெயில் அக்காவுக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வரும். இல்லாவிட்டால் மூன்று மாதத் தற்காலிக வேலை அன்றோடு சரி. பன்னிரண்டு வருடம் வீட்டோடு கிடந்து, எட்டு இடங்களில் நேர்காணலுக்குப் போய், ‘இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?’ என்ற கேள்விக்கு எட்டு விதமாக அசடு வழிந்து, ஒன்பதாவதாகக் கிடைத்த வேலை இது. காலையில் தலை வாரி, தன் கப்பில் காபி எடுத்துக்கொண்டு, தன் நாற்காலியில் உட்காரும்போது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்பதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

மேலாளரைக் கூப்பிட்டாள்.

“சார், அஞ்சாம் ரூம்ல சிவப்பு வந்திருக்கு.”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“எதுக்கு?”

“இருபது வயசு ஆயிடுச்சாம் சார். வெளியே அனுப்பணுமாம்.”

“தொடாதீங்க.”

“வெள்ளிக்கிழமை ஆய்வு சார். சிவப்பு இருக்கலாமா?”

“சிவப்பு இருக்கக் கூடாது மேடம்.”

“அப்ப தொட்டுத்தானே சார் எடுக்கணும்?”

“சிவப்பும் இருக்கக் கூடாது, நீங்க தொடவும் கூடாது. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கும் ஃபோன் போடாதீங்க. புரிஞ்சுதா?”

புரிந்தது என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒன்றும் புரியவில்லை.

தொடாமல் எப்படி எடுப்பது? பத்து மணிவரை யோசித்துவிட்டு, தொட்டாள். முதலில் ‘நீக்கு’ என்பதைத் தேடினாள். அந்தக் கணினியில் குழாய்க்காரரை நீக்கலாம், அட்டவணையை நீக்கலாம், பிள்ளைகளை மட்டும் நீக்க முடியாது. வேண்டுமானால் ‘வெளியேறினார்’ என்று போடலாம். போட்டாள். எங்கே போனார் என்று கேட்டது. ‘உறவினர் வீடு’ என்றாள். விலாசம் கேட்டது. வாய்க்கு வந்த ஒரு விலாசத்தை அடித்தாள், அப்படி ஒரு தெருவே இல்லை என்றது. இன்னொன்று அடித்தாள், அந்த எண்ணில் வீடு இல்லை என்றது. மாமியார் சம்பந்தம் பேசும்போதுகூட இவ்வளவு விசாரித்ததில்லை. கடைசியில் அலுத்துப்போய்த் தன் வீட்டு விலாசத்தையே கொடுத்தாள். உடனே ஏற்றுக்கொண்டது. சிவப்புக் கோடு மறைந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தொலைபேசி. பக்கத்துத் தெருப் பல் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

“உங்க வீட்டுக்குக் குடிவந்திருக்கற பொண்ணு ஃபைல் விலாசம் மாறினதால எங்களுக்கு வந்திருக்குங்க. மேல் வரிசையில ஒரு பல்லு உடைஞ்சிருக்குன்னு இருக்கு. எப்ப கூட்டிட்டு வர்றீங்க?”

“அப்படி யாரும் வரலைங்க,” என்றாள் மெயில் அக்கா.

“விலாசம் உங்களுதுதானே?”

“விலாசம் எங்களுதுதான்.”

“சரி, அவங்க வந்ததும் சொல்லுங்க.”

கணவர் ராவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “இல்லாத ஆளுக்குப் பல்லு கட்டணும்னா எங்கிட்ட விடச் சொல்லு. அளவெடுக்கற வேலை மிச்சம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. மாதிரிக்கு எதற்காக ஒருவர் பல்லை உடைத்து வைப்பார்?

மூன்று மணிக்கு வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. மேலே ‘ஐந்தாம் அறை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, மேசையில் தாடைகளை ஒதுக்கிவிட்டு, இருவருமாகப் பிரித்தார்கள்.

உள்ளே ஒரு ஜோடி செருப்பு. இடதுகால் குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது. பல் உதிர்ந்த ஒரு சீப்பு, அதில் இரண்டு நீள முடி. ஒரு நோட்டு, அதில் பக்கம் பக்கமாக எண்கள், வேறு ஒன்றும் இல்லை. அடியில் மடித்து வைத்த ஒரு சாம்பல் நிறச் சட்டை.

கணவர் சீப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மாதிரின்னா இப்படித்தான் தத்ரூபமா பண்ணணும்,” என்றார். ஆனால் குரலில் பழைய கேலி இல்லை. சீப்பை மெதுவாகத் திரும்ப உள்ளே வைத்தார்.

மெயில் அக்கா பகல் டியூட்டிப் பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நல்ல பெண்தான், ஆனால் சொன்னதைச் செய்வாள், சொல்லாததை யோசிக்க மாட்டாள்.

“பெட்டி அனுப்பினது நீயாம்மா?”

“ஆமாக்கா. அஞ்சாம் ரூம் காலின்னு கணினியில வந்துச்சு. சாமான் இருந்தா புது விலாசத்துக்கு அனுப்பணும்னு அதுலயே போட்டிருந்துச்சு. அனுப்பிட்டேன்.”

“அஞ்சாம் ரூம்னு ஒண்ணு இருக்கா?”

“மாடியில இருக்கேக்கா. பெயின்ட் டப்பாவும் உடைஞ்ச நாற்காலியும் போட்டு வச்சிருக்கற ரூம். அந்த டப்பாக்குப் பின்னாடி கட்டில் இருந்துச்சு. கட்டிலுக்கு அடியில இருந்துச்சு இந்தச் சாமான்.”

“ஸ்டோர் ரூம்ல எதுக்கும்மா கட்டில்?”

“அதை நான் கேக்கலையேக்கா.”

அன்று ராத்திரி முழுக்க அந்தப் பெட்டி மேசைமேல் இருந்தது. எடுத்து உள்ளே வைக்கவும் மனசில்லை, வெளியே வைக்கவும் மனசில்லை. காலையில் எழுந்து வந்து பார்த்தபோது தாடைகள் எல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தன. யார் திருப்பியது என்று கணவரைக் கேட்டாள். நான்தான் பெட்டிக்கு இடம் பண்ணுவதற்காகத் திருப்பினேன் என்றார். திருப்பியது அவர்தான் என்று தெரிந்த பிறகும் அவள் ஒவ்வொன்றையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு முதல் வேலையாக ‘வெளியேறினார்’ என்பதை ரத்து செய்தாள். வந்த வழியே போய்விடட்டும், சிவப்பாவது சிவப்பாக இருக்கட்டும் என்று நினைத்தாள். கணினி அதை, ஐந்தாம் அறைப் பெண் திரும்பி வந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டது. ‘திரும்பி வந்ததில் மகிழ்ச்சி’ என்று ஒரு வரி காட்டியது. சிவப்புக் கோடும் கூடவே திரும்பி வந்தது.

பத்து மணிக்கு வீட்டிலிருந்து அன்றாடக் குறிப்பு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குக் கீழே, இத்தனை நாள் அவள் படிக்காமலே தாண்டிப்போன ஒரு வரி:

‘ஐந்தாம் அறை. சாப்பிட்டார். தூங்கினார். கவலைப்பட ஒன்றும் இல்லை.’

மெயில் அக்கா உடனே மறுபடி பகல் டியூட்டிப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

“யாரும்மா சாப்பிட்டது?”

“எல்லாரும்தான்க்கா.”

“அஞ்சாம் ரூம்ல யாரும்மா சாப்பிட்டது?”

“அதுவாக்கா, நேத்து போட்டதை அப்படியே எடுத்து இன்னைக்கும் போட்டேன். நேத்து போட்டது அதுக்கு முந்தின நாளுது. நான் வர்றப்பவே அப்படித்தான் ஓடிட்டிருந்துச்சு. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் அனுப்ப விடாதுக்கா இந்த மெஷினு.”

மெயில் அக்கா பின்னோக்கிப் போனாள். போன வாரம் சாப்பிட்டார், தூங்கினார். போன மாதம் சாப்பிட்டார், தூங்கினார். போன வருடம் முழுக்கச் சாப்பிட்டு, முழுக்கத் தூங்கியிருந்தார். டியூட்டிக்காரர்கள் மாறியிருந்தார்கள், வரி மாறவில்லை. ‘கவலைப்பட’ என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போன நாள்கூட இருந்தது. அந்தப் பிழை நான்கு மாதம் அப்படியே வந்து, பிறகு யாரோ திருத்தியிருந்தார்கள். மூன்று வருடம். ஆயிரம் நாளுக்கு மேல் ஒரு காலி அறை வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறது.

அதற்கும் முன்னால் போனால் குறிப்புகள் வேறு மாதிரி இருந்தன. ‘புருவத்துத் தழும்பைப் பற்றி இன்று முதல்முறையாகப் பேசினாள்.’ ‘பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் ஜடை நுனியைக் கடிக்கிறாள்.’ ‘லிஃப்டில் ஏற மாட்டேன் என்று ஆறு மாடி நடந்தாள், நானும் நடந்தேன், எனக்குத்தான் மூச்சு வாங்கியது.’ ‘பேருந்து நிலையத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து வண்டி எண்களைக் குறித்துக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டேன். எது எப்போதும் திரும்பி வருகிறது என்று பார்க்கிறாளாம்.’

இந்த மாதிரியைத் தயாரித்தவருக்குக் கதை எழுதும் ஆசை இருந்திருக்க வேண்டும் என்று மெயில் அக்கா நினைத்தாள். பாதியில் அலுத்துப்போய்ச் சாப்பிட்டார், தூங்கினார் என்று முடித்துவிட்டார் போலும். பாவம், நல்ல கை.

சரி, கதையை ரசிக்க இது நேரமில்லை. நாளை மறுநாள் ஆய்வு. ‘வெளியேறினார்’ வேண்டாம், ‘இருக்கிறார்’ வேண்டாம், நடுவாந்தரமாக ஏதாவது கிடைக்குமா என்று பட்டியலைத் துழாவினாள். கிடைத்தது. ‘தற்போது இல்லை.’ அடடா, இதைவிட உண்மை உண்டா? அழுத்தினாள். சிவப்பு மறைந்து வெளிர் மஞ்சள் வந்தது. மஞ்சளை ஆய்வாளர் ஒன்றும் கேட்க மாட்டார். பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கணவரிடம் சொன்னாள்.

“முடிஞ்சுதுங்க.”

“கடவுள் புண்ணியம்,” என்றார் அவர்.

‘தற்போது இல்லை’ என்பதற்கு இருபத்துநாலு மணி நேரம்தான் ஆயுசு என்பது அவளுக்குத் தெரியாது. வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குத் தெரிந்தது.

‘ஐந்தாம் அறைப் பெண் இருபத்துநான்கு மணி நேரமாகத் திரும்பவில்லை. காணாமல் போனவர் அறிவிப்பு, அங்க அடையாளங்களுடன், உங்கள் பெயரில் காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டது.’

உங்கள் பெயரில். மெயில் அக்கா எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். அதற்குள் தொலைபேசி அடித்துவிட்டது.

“பெண் காவலர் பேசறேன். நீங்கதானே அறிவிப்பு கொடுத்தது?”

“ஆமா. வந்து, கொடுத்தது நான்தான், ஆனா...”

“கடைசியா எப்பப் பாத்தீங்க?”

பார்க்கவே இல்லை என்று சொன்னால், பார்க்காத பெண்ணைக் காணோம் என்று எழுதியவள் ஆகிவிடுவாள். பொய்ப் புகாருக்கு என்ன தண்டனை என்று அவளுக்குத் தெரியாது. நாற்காலி நிச்சயம் போகும்.

“நான் வீட்டிலேருந்து வேலை பாக்கறேங்க. நேர்ல பாக்கறதில்லை.”

“சரி. புருவத்துல தழும்பு, உடைஞ்ச பல்லு, ஜடை கடிக்கற பழக்கம். எல்லாம் போட்டிருக்கீங்க. போற இடம் ஏதாவது உண்டா?”

மெயில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். “பஸ் ஸ்டாண்டுல கடைசிப் பெஞ்சு,” என்றாள். கதைக்குள் இருந்த ஒரு பெஞ்சைக் காவல்துறைக்குக் காட்டிக்கொடுத்தாயிற்று. இனி திரும்ப முடியாது.

“நல்ல விவரமா சொல்றீங்க,” என்றார் பெண் காவலர். “இப்படி யாரும் சொல்ல மாட்டாங்க.”

வைத்த அடுத்த நிமிடம் மேலாளர் கூப்பிட்டார். அவருக்கும் அறிவிப்பின் நகல் போயிருந்தது.

“மேடம், என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?” குரல் கம்மிப்போயிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“தெரியாம ஆயிடுச்சு சார். இப்ப என்ன சார் பண்றது?”

“வாபஸ் வாங்குங்க. அது வெறும் மாதிரி, கணினிக் கோளாறு, அப்படி ஒரு பொண்ணே கிடையாதுன்னு எழுதிக் கொடுத்துடுங்க. நானும் போலீஸுக்கு அப்படித்தான் சொல்லப் போறேன். அவங்க தேடுறதுக்குள்ள கொடுங்க.”

“இல்லாத பொண்ணைத் தேடினா தேடிட்டுப் போறாங்க சார். கிடைக்கவா போறா?”

மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

“உங்க நிரந்தர ஆர்டர் என் மேசைமேல இருக்கு மேடம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இதை முடிச்சு விட்டீங்கன்னா இன்னைக்கே போட்டுடறேன்.”

வாபஸ் கடிதம் நான்கு வரி. மத்தியானம் இரண்டு மணிவரை எழுதியும் அவளால் முடிக்க முடியவில்லை. ‘அப்படி ஒரு பெண் இல்லை’ என்று அடிப்பாள், அந்தச் செருப்பின் தேய்ந்த குதிகால் நினைவுக்கு வரும், அழிப்பாள். ‘அந்தப் பெண் கற்பனையே’ என்று அடிப்பாள், இரண்டு நீள முடி நினைவுக்கு வரும், அழிப்பாள்.

இரண்டரை மணிக்குப் பெண் காவலர் மறுபடி கூப்பிட்டார்.

“கிடைச்சுட்டாங்க,” என்றார்.

“யாரு?”

“உங்க பொண்ணுதான்.”

“கிடைக்க மாட்டாளே,” என்றாள் மெயில் அக்கா. அவளை அறியாமல் வந்துவிட்டது.

“கடைசிப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தாங்க. தழும்பு இருக்கு, பல்லு இருக்கு. ஸ்டேஷன்ல லிஃப்ட் வேண்டாம், மாடிப்படிதான் ஏறுவேன்னு சொல்லி என்னையும் சேத்து நடக்க விட்டாங்க. உறவினர் வீடுன்னு உங்க விலாசம் இருக்கு. அங்கேயே கூட்டிட்டு வர்றேன்.”

மெயில் அக்கா கணவரைப் பார்த்தாள். கணவர் அவளைப் பார்த்தார். பட்டப்பகலில் இருவருமாக எழுந்து வீட்டு விளக்கு எல்லாவற்றையும் போட்டார்கள்.

“ஏம்மா, நீ அழுத்தினதுல ‘உருவாக்கு’ன்னு ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டார் கணவர்.

“விளையாடாதீங்க.”

“நான் விளையாடலை.”

நாலு மணிக்கு மணி அடித்தது. கணவர் கையில் இருந்த மேல்தாடையோடு போய்க் கதவைத் திறந்தார். மெயில் அக்கா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பெண் காவலர் நின்றிருந்தார். பக்கத்தில் ஒருத்தி. இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் தழும்பு. பெரிய ஆண் சட்டை. வெளியே மழை தூறியதில் கால் நனைந்திருந்தது. தரையில் ஈரச் சுவடு தெரிந்தது. மெயில் அக்கா அந்தச் சுவடையே வெறித்துப் பார்த்தாள். அந்தப் பெண் ஜடை நுனியைக் கடித்தபடி, கணவர் கையிலிருந்த பற்களைப் பார்த்தாள்.

“ஒரு சின்னக் குழப்பம்,” என்றார் பெண் காவலர். “வழியில உங்க மேலாளர் ஃபோன் பண்ணினார். அப்படி ஒரு பொண்ணே அவங்க வீட்ல கிடையாது, கணினிக் கோளாறுன்னு சொல்றார். இவங்களும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. அறிவிப்பு உங்க பேர்ல இருக்கறதால நீங்கதான் சொல்லணும். கோளாறுதான்னா இங்க ஒரு கையெழுத்து. இவங்க மேஜர், நான் கூட்டிட்டு வந்த இடத்துலயே விட்டுடுவேன். உங்க பொண்ணுதான்னா இங்க ஒரு கையெழுத்து, இருபது வருஷம் கழிச்சுக் கேட்டாலும் நீங்கதான் பதில்.”

இரண்டு கட்டம் போட்ட ஒரு தாள். மெயில் அக்கா பேனாவை வாங்கினாள். இது பேயா, ஏமாற்றா, தான் விளையாட்டாய் அழுத்திய பொத்தான்களுக்குக் கைகால் முளைத்து வந்து நிற்கிறதா, ஒன்றுமே அவளுக்குத் தெரியவில்லை. முதல் கட்டத்தில் போட்டால் நாற்காலி அவளுடையது. சாயங்காலமே கடிதம். தப்பும் இல்லை, அவளுக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மை.

அப்போது அந்தப் பெண்ணின் வயிறு சத்தம் போட்டது. எல்லாருக்கும் கேட்டது. அவள் வெட்கப்பட்டுச் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மாதிரிக்குப் பசிக்குமா?

மெயில் அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாராக இருந்தால் என்ன, மழையில் நனைந்து, பசியோடு, போக ஓர் இடம் இல்லாமல் ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். அவளைத் திரும்பப் பெஞ்சிலே கொண்டுபோய் வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட மெயில் அக்காவால் முடியாது. நாற்காலி போனால் போகட்டும். எட்டு இடத்தில் அசடு வழிந்தவளுக்கு ஒன்பதாவது, பத்தாவது வழியத் தெரியாதா?

“எங்க பொண்ணுதாங்க,” என்று இரண்டாவது கட்டத்தில் போட்டாள். “அஞ்சாம் ரூம்.”

பெண் காவலர் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். கணவர் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். மெயில் அக்கா மேசையில் தாடைகளை ஒதுக்கி ஒரு தட்டு வைத்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணை உட்காரவைத்தாள். அவள் சாப்பிட்டாள். நிமிராமல், நிறுத்தாமல், மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். பேய் இவ்வளவு சாப்பிடாது என்று கணவர் ஜாடை காட்டினார்.

தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. மேலாளர். அவள் எடுக்கவில்லை. அதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

“இந்தா பாரும்மா,” என்றாள். “உங்கிட்ட ஒளிக்கக் கூடாது. நீ யாருன்னே எனக்குத் தெரியாது. அந்த அஞ்சாம் ரூம் வெறும் மாதிரி, யாருமில்லாத ஃபைலு. நான் பாட்டுக்குத் தெரியாம எதையோ அழுத்தி, உன்னைக் காணோம்னு தப்பா எழுதிட்டேன். மன்னிச்சுக்க.”

அந்தப் பெண் ஜடையை வாயிலிருந்து எடுத்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பேசினாள்.

“தப்பா எழுதலைக்கா. அந்த அஞ்சாம் ரூம்லேருந்து நான் காணாமப் போய் மூணு வருஷம் ஆச்சு. காணோம்னு எழுதினது நீங்க ஒருத்தர்தான்.”